ஹோம்ஸ்டெட்டின் 12 புகைபோக்கிகள்: பிட்ஸ்பர்க்கில் எது எங்கே இருந்தது?

கேள்வி: முக்கூடல்வாசி

வணக்கம் நண்பர்களே. பென் ஹில்ஸ் வெங்கடேசுவரர் கோயிலுக்கு வெளியூர்களிலிருந்து வரும் உறவினர்கள் தரிசனம் முடிந்ததும் பிட்ஸ்பர்க் நகரையும் பார்த்துவிட்டுப் போக விரும்புகிறார்கள். நாங்களும் வழக்கமாக அவர்களை மவுண்ட் வாஷிங்டன் அடிவாரத்துக்கு அழைத்துச் சென்று, 1877இல் ஓடத் தொடங்கிய டுக்கேன் இன்க்ளைன் என்ற மலையேறும் இழுவை ரயிலில் ஏற்றி, அலெகெனியும் மொனங்கஹீலாவும் கலந்து ஒஹாயோவாகப் புறப்படும் முனையை மேலிருந்து காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். "எஃகு நகரம் என்றீர்களே, ஆலை எங்கே?" என்று அவர்கள் கேட்டால் கைநீட்டிக் காட்ட அங்கிருந்து ஓர் ஆலையும் தெரிவதில்லை. தெரிவது யு.எஸ். ஸ்டீல் கோபுரம் மட்டுமே. அதன் உச்சியிலும் 2008 முதல் ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் எழுத்துகள்தாம் இருக்கின்றன.

பிட்ஸ்பர்க்கை அடுத்து மொனங்கஹீலா கரையில் உள்ள ஹோம்ஸ்டெட் ஊரின் 'வாட்டர்ஃபிரன்ட்' கடைவளாகத்துக்கு நம்மில் பலரும் போயிருப்போம். அங்கே 12 செங்கல் புகைபோக்கிகள் ஒரே வரிசையில் நிற்கின்றன. அவற்றின் அடியில் உலையும் இல்லை, கட்டடமும் இல்லை. இவை ஆலையின் எந்தப் பகுதிக்கு உரியவை, அவ்வளவு பெரிய ஆலையில் இவற்றை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள், ஆலை வருவதற்கு முன்பு அந்த ஆற்றங்கரையில் என்ன இருந்தது என்பதையெல்லாம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். ஒரே நாளில் நான்கைந்து இடங்களைக் காட்டி இந்த நகரத்தின் கதையை முறையாகச் சொல்ல முடியுமானால், அந்த இடங்கள் எவையாக இருக்க வேண்டும்?

பதில்: கசடுமேடு

அந்த 12 புகைபோக்கிகளும் ஹோம்ஸ்டெட் ஆலையின் 45 அங்குல உருட்டாலையைச் சேர்ந்தவை. திறந்த உலையில் உருகிய எஃகை அச்சில் ஊற்றிப் பெரிய பாளங்களாக வார்ப்பார்கள். அச்சிலிருந்து எடுக்கும்போது பாளத்தின் வெளிப்புறம் ஆறி இறுகியிருக்கும், உள்ளே இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் உருட்டினால் எஃகு சீராக விரியாது என்பதால், தரைமட்டத்துக்குக் கீழே அமைந்த சோக்கிங் பிட் எனப்படும் குழி உலைகளில் அவற்றை இறக்கி, உள்ளும் புறமும் ஒரே வெப்பத்துக்கு வரும்வரை வைத்திருப்பார்கள். நீங்கள் பார்ப்பவை அந்தக் குழி உலைகளின் புகைபோக்கிகள். ஆகவே எஃகு உருகிய இடம் அதுவன்று. உருகிய எஃகுக்கும் உருட்டிய தகட்டுக்கும் இடையே காத்திருந்த இடம் அது. உறவினர்களுக்கு இதைச் சொல்லிவிட்டால் அந்த வரிசைக்குப் பொருள் கிடைத்துவிடும்.

ஹோம்ஸ்டெட் ஆலை 1881இல் இயங்கத் தொடங்கியது, 1883இல் ஆண்ட்ரூ கார்னகியின் கைக்கு வந்தது, 1901இல் யு.எஸ். ஸ்டீல் உருவானபோது அதன் ஓர் உறுப்பாயிற்று. போர்க்கப்பல்களுக்கான கவசத்தகடுகளும் உயர்ந்த கட்டடங்களுக்கான உத்தரங்களும் இங்கிருந்து போயின. 1986இல் ஆலை மூடப்பட்டது. அதன்பின் அதை வாங்கிய நிறுவனம் பெரும்பகுதியைப் பிரித்துப் பழைய இரும்பாக விற்றது. 1999இல் அந்த நிலத்தில் கடைவளாகம் திறக்கப்பட்டது. எதை விட்டுவைப்பது என்பதை வரலாற்று மதிப்பு மட்டுமே தீர்மானித்திருந்தால் பட்டியல் வேறாக இருந்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து. செங்கல்லைப் பழைய இரும்பாக விற்க முடியாது, வரிசையாக நிற்கும் உயரமான புகைபோக்கிகள் கடைவளாகத்துக்கு ஓர் அடையாளமாகவும் அமையும். எஃகை உருக்கிய உலைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போயிற்று.

புகைபோக்கிகளைவிட முக்கியமான சான்று ஒன்று அதே வளாகத்தின் கிழக்குக் கோடியில், மன்ஹால் எல்லைக்குள், ஆற்றை ஒட்டி இருக்கிறது. பம்ப் ஹவுஸ் எனப்படும் அந்தச் செங்கல் கட்டடத்தின் அருகேதான் 1892 ஜூலை 6 அன்று பிங்கர்ட்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்தின் ஆட்கள் சுமார் 300 பேர் இரண்டு படகுகளில் வந்து கரையேற முயன்றார்கள். கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். ஆலையை நடத்திய ஹென்றி கிளே ஃபிரிக், தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்து ஆலையைச் சுற்றி உயரமான வேலி அடித்துக் கதவடைத்திருந்தார். தொழிலாளர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் இருட்டு விலகும் முன்பே கரைக்கு ஓடிவந்து நின்றார்கள். பகல் முழுவதும் நடந்த மோதலில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. மாலையில் பிங்கர்ட்டன் ஆட்கள் சரணடைந்தார்கள். தொழிலாளர்கள் வென்றதுபோல் தோன்றிய அந்த நாளுக்குப் பின் ஒரு வாரத்துக்குள் மாநிலப் படை வந்து ஊரைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு இறுதிக்குள் வேலைநிறுத்தம் முறிந்தது. யு.எஸ். ஸ்டீல் ஒரு தொழிற்சங்கத்தை முறையாக ஏற்றுக்கொள்ள 1937 வரை ஆயிற்று.

இடைப்பட்ட காலத்தில் அந்த ஊரில் பேச்சுரிமை எந்த அளவில் இருந்தது என்பதற்கு ஒரு நிகழ்வு போதும். 1933இல் தொழிலாளர் துறை அமைச்சராக ஹோம்ஸ்டெட்டுக்கு வந்த ஃபிரான்சஸ் பெர்கின்ஸ், தம்மைச் சந்திக்க முடியாமல் வெளியே நின்ற தொழிலாளர்களோடு பூங்காவில் பேச விரும்பினார். ஊர்த்தலைவர் அதற்கு அனுமதி மறுத்தார். எதிரே அஞ்சல் அலுவலகத்தின்மேல் நாட்டின் கொடி பறப்பதைக் கண்ட பெர்கின்ஸ், அது மத்திய அரசின் இடம் என்பதால் எல்லோரையும் அங்கே அழைத்துச் சென்று அவர்கள் குறைகளைக் கேட்டார். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்மணிக்கே அந்த ஊரில் பூங்கா மறுக்கப்பட்டது என்றால், சாதாரண உலைத் தொழிலாளியின் நிலையை நாம் ஊகிக்கலாம்.

எஃகின் தொடக்கமான இரும்பு உருகிய இடத்தைக் காண விரும்பினால் எதிர்க்கரைக்குப் போக வேண்டும். கேரி ஊதுலைகளில் 6ஆம் எண்ணும் 7ஆம் எண்ணும் அங்கே இன்னும் நிற்கின்றன. 1907இல் எழுந்த இவை 92 அடி உயரமுள்ளவை. இரும்புத்தாது, கற்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றையும் மேலிருந்து கொட்டிக் கீழிருந்து சூடான காற்றை ஊதி இறக்கிய உருகிய இரும்பு, பாலத்தின் வழியே ஆற்றைக் கடந்து ஹோம்ஸ்டெட்டின் உலைகளுக்குப் போயிற்று. 2006இல் இந்த ஊதுலைகள் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன.

பதில்: வைலிவீதி

மேலே எழுதியவர் ஆலையைப் பற்றிச் சொன்னவை எனக்கும் உடன்பாடே. ஆனால் முக்கூடல்வாசி கேட்ட மூன்றாவது கேள்விக்கு, அதாவது அந்த ஆற்றங்கரையில் முன்பு என்ன இருந்தது என்பதற்கு, இன்னும் விடை வரவில்லை. என் பார்வையில் இந்த நகரத்தைப் புரிந்துகொள்ள அதுவே சரியான கேள்வி.

ஹோம்ஸ்டெட் ஊரில் ரயில் பாதைக்கும் ஆற்றுக்கும் இடையே 1941 வரை நெருக்கமான குடியிருப்பு இருந்தது. ஸ்லோவாக்கியர், ஹங்கேரியர், ருசின் மக்கள், தென்மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத்தவர் எனப் பலரும் அங்கே அருகருகே வாழ்ந்தார்கள். அவரவர் தேவாலயங்களும் சங்கக் கட்டடங்களும் கடைகளும் அங்கேயே இருந்தன. போர்க்கால உற்பத்திக்காக ஆலையை விரிவாக்க வேண்டுமென்று அரசு முடிவெடுத்தபோது அந்தப் பகுதி முழுவதும் இடிக்கப்பட்டு, சுமார் 8,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். இன்றைய கடைவளாகத்தின் ஒரு பகுதி அந்த நிலத்தின்மேல்தான் இருக்கிறது. ஆகவே அங்கே அழிந்தது ஆலை மட்டும் என்று சொல்லி முடித்துவிடுவது பாதிக் கதை. ஆலை அழிவதற்கு 45 ஆண்டுகளுக்கு முன்பே அதே ஆலைக்காக ஓர் ஊர் அழிந்தது. ஆலையின் நினைவாகப் புகைபோக்கிகளாவது நிற்கின்றன. கீழ்ப்பகுதிக் குடியிருப்பை நினைவூட்ட அந்த நிலத்தில் ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை.

இதே கதை 15 ஆண்டுகள் கழித்து நகரின் நடுவிலேயே மீண்டும் நடந்தது. வணிக மையத்துக்குக் கிழக்கே உயரும் ஹில் டிஸ்ட்ரிக்ட், ஜாஸ் இசைக்கூடங்களுக்கும் கறுப்பினத்தவரின் வணிகத்துக்கும் பெயர்பெற்ற பகுதி. யூதர்கள், இத்தாலியர்கள், சிரியர்கள் எனப் பலரும் முதலில் குடியேறிய இடமும் அதுவே. நகர் மறுசீரமைப்பு என்ற பெயரில் 1956 முதல் அதன் கீழ்ப்பகுதியான லோயர் ஹில்லில் 95 ஏக்கர் இடிக்கப்பட்டது. அங்கும் சுமார் 8,000 பேர் வீடு இழந்தார்கள், 400க்கும் மேற்பட்ட வணிக நிறுவனங்கள் இடம் இழந்தன. 1957இல் கறுப்பினத்தவரின் பெத்தேல் ஏ.எம்.இ. தேவாலயமும் தப்பவில்லை. அந்த நிலத்தில் 1961இல் திறக்கப்பட்ட சிவிக் அரீனா, திறந்து மூடும் துருப்பிடிக்காத எஃகுக் கூரையால் உலகப் புகழ் பெற்றது. அதைச் சுற்றி எழுந்திருக்க வேண்டிய கலை அரங்குகளும் குடியிருப்புகளும் பெரும்பாலும் எழவே இல்லை. வீடுகள் இருந்த இடம் பல பத்தாண்டுகள் வாகன நிறுத்தமாகவே கிடந்தது.

அந்த அரங்கம் 2010இல் மூடப்பட்டு, 2011, 2012ஆம் ஆண்டுகளில் இடிக்கப்பட்டபோது கட்டடக்கலையை நேசிப்பவர்கள் அதைக் காப்பாற்றப் பெரிதும் முயன்றார்கள். அவர்களுடைய வருத்தம் உண்மையானது. அந்தக் கூரை ஒரு பொறியியல் சாதனைதான். ஆனாலும் ஹில் பகுதியின் மக்களில் பலர் அந்த இடிப்பை எதிர்க்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஒருவருக்குச் சின்னமாகத் தெரிந்த அந்தக் கட்டடம், இன்னொருவருக்குத் தன் தெருவின்மேல் வைத்த மூடியாகத் தெரிந்தது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் பிட்ஸ்பர்க்கின் அடையாளச் சின்னங்களைப் பற்றி நியாயமாகப் பேச முடியாது.

ஆகவே உங்கள் பட்டியலில் சென்டர் அவென்யூவும் கிராஃபர்ட் தெருவும் சந்திக்கும் முனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இடிப்பு மேலே ஏறிவந்துகொண்டிருந்த 1960களில், இந்த எல்லைக்கு அப்பால் மறுசீரமைப்பு கூடாது என்று அப்பகுதி மக்கள் விளம்பரப் பலகை வைத்துத் தடுத்து நின்ற இடம் அது. குடிமை உரிமை ஊர்வலங்கள் பல அங்கிருந்துதான் புறப்பட்டன. இன்று அது ஃப்ரீடம் கார்னர் என்ற நினைவிடமாக இருக்கிறது.

முக்கூடல்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு இடங்களிலும் சுமார் 8,000 பேர் என்பதைப் படித்தபோது மனம் கனத்தது. வாட்டர்ஃபிரன்டுக்கு உறவினர்களை அழைத்துச் செல்லும்போது இனி ஆலையோடு நிறுத்தமாட்டேன்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. லோயர் ஹில்லில் அன்றைய தெருக்கள் எப்படி இருந்தன என்பதைக் கண்ணால் காண வழி இருக்கிறதா? மேலும், நகர மையத்தில் நம் விருந்தினர்கள் எப்படியும் நடந்துபோகும் இடங்களில் இப்படி மறைந்துபோன அடுக்குகள் உண்டா?

பதில்: நிலப்படம்

இரண்டுக்கும் விடை உண்டு. முதல் ஐயத்துக்கு மிகச் சிறந்த வழி சார்லஸ் 'டீனி' ஹாரிஸ் எடுத்த புகைப்படங்கள். பிட்ஸ்பர்க் கூரியர் வார இதழுக்காகப் பல பத்தாண்டுகள் ஹில் பகுதியின் திருமணங்கள், கடைகள், விளையாட்டுகள், போராட்டங்கள் அனைத்தையும் அவர் பதிவு செய்தார். அவருடைய சுமார் 80,000 நெகட்டிவ்கள் நகரின் ஓக்லாந்து பகுதியில் உள்ள கார்னகி கலை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. இன்று வாகனங்கள் நிற்கும் இடத்தில் யார் முடிதிருத்தினார்கள், எந்த மூலையில் சிறுவர்கள் விளையாடினார்கள் என்பதை அந்தப் படங்கள் காட்டுகின்றன. அடுத்ததாக, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் நடத்தும் 'ஹிஸ்டாரிக் பிட்ஸ்பர்க்' இணையதளத்தில் ஹாப்கின்ஸ் நிறுவனத்தின் பழைய நில உடைமைப் படங்களைப் பார்க்கலாம். ஒவ்வொரு மனையும் அதன் உரிமையாளர் பெயரோடு குறிக்கப்பட்டிருக்கும். ஹோம்ஸ்டெட்டின் கீழ்ப்பகுதியையும் அவற்றில் தேடிப் பாருங்கள். செல்பேசியில் அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றால் எந்த வழிகாட்டியும் தேவைப்படாது.

இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். கிராண்ட் தெருவில் உள்ள அலெகெனி கவுன்டி நீதிமன்றம், ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் வடிவமைத்து 1888இல் முடிக்கப்பட்டது. அதன் தெருமட்ட நுழைவாயில்கள் அந்தக் கட்டடத்தின் பெருமைக்குப் பொருத்தமில்லாமல் தாழ்வாகத் தோன்றுவதைக் கவனித்திருக்கிறீர்களா? நீங்கள் நுழைவது உண்மையில் அதன் அடித்தளத்துக்குள். அங்கே 'ஹம்ப்' என்று அழைக்கப்பட்ட ஒரு மேடு இருந்தது. குதிரை வண்டிகளுக்கும் வணிக மையத்தின் விரிவுக்கும் அது தடையாக இருந்ததால் 1912, 1913ஆம் ஆண்டுகளில் அதை வெட்டி இறக்கினார்கள்; சில இடங்களில் தரை ஏறத்தாழ 16 அடி தாழ்ந்தது. கட்டடம் இருந்த இடத்திலேயே இருக்க, தெரு கீழே போய்விட்டது. முந்தைய வாயிலுக்கு ஏறப் படிக்கட்டு அமைத்தார்கள், பின்னர் தெருவை அகலப்படுத்தியபோது அதையும் எடுத்துவிட்டார்கள். பிட்ஸ்பர்க்கில் கட்டடங்கள் மட்டும் மாறவில்லை, தரையே மாறியிருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று இல்லை.

நீங்கள் மலைமேலிருந்து காட்டும் அந்த முனையும் அப்படித்தான். பசும்புல்லும் நீரூற்றும் இயற்கையாக அமைந்தவைபோல் தோன்றும் அந்த இடம் 1940களின் இறுதிவரை ரயில் சரக்கு நிலையங்களும் கிடங்குகளும் நெருங்கிய பகுதி. 1936 மார்ச் மாத வெள்ளத்தில் ஆறு அங்கே 46 அடிக்கு உயர்ந்து நகர மையத்தை மூழ்கடித்தது. அதன்பின் மேயர் டேவிட் லாரன்ஸும் வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கிங் மெலனும் கைகோத்து நகரைப் புதுப்பிக்கத் தொடங்கியபோது அந்த முனை பூங்காவாக மாற்றப்பட்டது. நீரூற்று 1974இல்தான் முடிந்தது. அவ்வளவு இடிப்புக்கும் நடுவே தப்பி நிற்பது 1764இல் கட்டப்பட்ட ஃபோர்ட் பிட் பிளாக் ஹவுஸ் எனும் சிறு காவல் கட்டடம். நகரில் எஞ்சியுள்ள கட்டடங்களில் அதுவே மிகப் பழையது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெண்கள் அமைப்பு ஒன்று அதைத் தன் உடைமையாகப் பெற்று, பின்னர் ரயில் நிறுவனம் அந்த நிலத்தைக் கேட்டபோதும் விட்டுக்கொடுக்காமல் காத்தது.

புகையையும் பற்றி ஒரு சொல். தெருவிளக்குகளை நண்பகலில் எரியவிட்ட நகரம் இது. புகைக்கட்டுப்பாட்டுச் சட்டம் 1941இல் நிறைவேறியும் போரினால் தள்ளிப்போய், 1946இல் ஆலைகளுக்கும் 1947இல் வீடுகளுக்கும் நடைமுறைக்கு வந்தது. வானம் தெளிந்த பிறகும் கற்சுவர்களில் படிந்த கரி போகவில்லை. பல்கலைக்கழகத்தின் 42 மாடிக் கோபுரமான கதீட்ரல் ஆஃப் லேர்னிங்கைக் கழுவியது 2007இல்தான். அந்தக் கரியும் வரலாறுதானே, அதை ஏன் அகற்ற வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. நகரில் ஒரு முக்கியக் கட்டடத்தையாவது கழுவாமல் விட்டிருக்கலாம் என்பதே என் எண்ணமும்.

பதில்: கசடுமேடு

வைலிவீதி எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். ஹோம்ஸ்டெட்டைப் பற்றிப் பேசும்போது 1941இன் வெளியேற்றத்தை முதலிலேயே சொல்ல வேண்டும். வெளியேறியவர்களில் பலர் மேட்டுப் பகுதிக்கும் பக்கத்து ஊர்களுக்கும் போய், அதே ஆலையில் தொடர்ந்து வேலை செய்தார்கள். தம் வீடிருந்த இடத்தில் எழுந்த உலையின் முன் நின்று உழைத்தவர்கள் அவர்களுள் இருந்திருப்பார்கள் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கலாம்.

ஒருநாள் பயணத்துக்கு என் பரிந்துரை இது. காலையில் கேரி ஊதுலைகள். ரிவர்ஸ் ஆஃப் ஸ்டீல் அமைப்பு வெயில் மாதங்களில் வழிகாட்டியுடன் அழைத்துச் செல்கிறது. முன்பதிவு செய்துகொள்ளுங்கள், மூடிய காலணி கட்டாயம். உள்ளே சுமார் 40 அடி உயரமுள்ள ஒரு மான்தலைச் சிற்பம் நிற்கும். ஆலை கைவிடப்பட்டுக் கிடந்த 1990களின் இறுதியில், கலைஞர்கள் சிலர் யாரிடமும் அனுமதி கேட்காமல் அங்கே கிடந்த குழாய்களையும் கம்பிகளையும் கொண்டே அதைக் கட்டினார்கள். குழந்தைகளுக்கு அதுவே முதலில் பிடிக்கும். அடுத்து ஆற்றைக் கடந்து பம்ப் ஹவுஸும் புகைபோக்கிகளும். ஹோம்ஸ்டெட்டின் எட்டாவது அவென்யூவில் 1892 வேலைநிறுத்தத்தின்போது தொழிற்சங்கத் தலைமையகமாக இருந்த பாஸ்ட் கட்டடம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கும் சிறிது நேரம் செலவிடுங்கள். பிற்பகலில் கிராண்ட் தெரு நீதிமன்றம், அங்கிருந்து கிராஃபர்ட் தெரு முனை. இடையில் நெடுஞ்சாலையின்மேல் தளம் அமைத்து 2021இல் திறக்கப்பட்ட ஃபிராங்கி பேஸ் பூங்காவின் வழியே நடந்தால், நகர மையத்தையும் ஹில் பகுதியையும் அந்த நெடுஞ்சாலை எப்படிப் பிரித்து வைத்தது என்பது காலுக்கே தெரியும்.

நேரம் மிச்சமிருந்தால் பிராடக்குக்கும் போங்கள். கார்னகி 1875இல் தொடங்கிய எட்கர் தாம்சன் ஆலை அங்கே இன்றும் இயங்குகிறது. வேலிக்கு வெளியே தெருவிலிருந்தே நீராவியையும் புகையையும் பார்க்கலாம், ஓசையையும் கேட்கலாம். அதே ஊரில் 1889இல் திறக்கப்பட்ட நூலகம், கார்னகி அமெரிக்காவில் கட்டிய நூலகங்களுள் முதலாவது. அது ஆலைத் தொழிலாளர்களுக்காக முதலில் குளியலறைகளோடு கட்டப்பட்டது. "எஃகு ஆலை எங்கே?" என்று கேட்கும் உங்கள் உறவினர்களுக்கு நேரடியான விடை அந்தத் தெருவில்தான் இருக்கிறது.